நல்ல பராமரிப்பு என்பது எது? இங்கிலாந்தை முன்வைத்து ஓர் எளிய அறிமுகம்

எலைன் மெக்டொனால்டு ஸ்காட்டிஷ் பாலே குழுவில் முதன்மை நடனக் கலைஞராக இருந்தவர். 1999-ல் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு துணையில்லாமல் நடமாடுவது அவருக்கு ஆபத்தாகிவிட்டது. சிறுநீர்ப்பையிலும் கோளாறு இருந்ததால் இரவில் மூன்று முறையாவது எழுந்தாக வேண்டும். சிறுநீரை அடக்க முடியாதவர் அல்ல அவர். யாராவது கைகொடுத்து கமோட் நாற்காலியில் உட்காரவைத்தால் போதும். அதற்காக இரவில் ஒருவர் உடன் இருந்தார். லண்டனின் கென்சிங்டன்–செல்சி கவுன்சில், அதாவது அந்தப் பகுதியின் உள்ளாட்சி நிர்வாகம், அந்த இரவுத் துணையை நிறுத்த முடிவு செய்தது. பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு படுத்தால் காலை வரை யாரும் தேவையில்லை, எழுந்து விழும் ஆபத்தும் இல்லை, ஆண்டுக்குச் சுமார் 22,000 பவுண்டு மிச்சம் என்பது கவுன்சிலின் கணக்கு.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜூலையில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் கவுன்சிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். லேடி ஹேல் ஒருவர் மட்டும் மறுத்தார். இந்த வாதத்தை ஏற்றால் இது சிறுநீரோடும் இரவோடும் நிற்காது, மலத்துக்கும் பகலுக்கும்கூட நீளும் என்பது அவருடைய கவலை. 2014-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் மெக்டொனால்டின் உரிமை மீறப்பட்டதாகச் சொன்னது.

சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுவோம். என்னைப் பொறுத்தவரை லேடி ஹேல் சொன்னதுதான் சரி. 'இவர் விழாமல், படுக்கை நனையாமல் இரவு கழிய என்ன வழி?' என்று கவுன்சில் யோசித்தது. அதற்கு டயப்பர் பொருத்தமான விடைதான். ஆனால் மெக்டொனால்டு கேட்டது அதையல்ல, எழுந்து போக ஒரு கையை. பராமரிப்பை ஓர் உடம்புக்குச் செய்து முடிக்க வேண்டிய வேலைகளாகப் பார்ப்பது ஒரு பார்வை. ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்வதற்கான ஏற்பாடாகப் பார்ப்பது இன்னொன்று. தேவைகள் எவ்வளவுக்கெவ்வளவு சிக்கலாகின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிதாகிறது.

எது மருத்துவம், எது சமூகப் பராமரிப்பு?

இங்கிலாந்தில் டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் என்.எச்.எஸ். என்கிற தேசிய மருத்துவ சேவையின் பொறுப்பு, பெரும்பாலும் இலவசம். குளிக்கவைப்பது, உடுத்திவிடுவது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, வெளியே போய்வரத் துணை, கேர் ஹோம் என்கிற பராமரிப்பு இல்லம் ஆகியவை சமூகப் பராமரிப்பு. அது உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துவிட்டுத்தான் கவுன்சில் செலவை ஏற்கும். இரண்டும் தனித்தனிச் சட்டங்களின் கீழ் 1948 ஜூலை 5 அன்று, ஒரே நாளில் தொடங்கியவை. அன்று போட்ட கோடு இன்றும் அழியவில்லை.

சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பொதுவாக முழுச் செலவும் நம்முடையது. 2010-லிருந்து இந்த வரம்பு உயரவே இல்லை. வீட்டில் இருந்தபடி உதவி பெறுகிறவருக்குக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சேர்க்க மாட்டார்கள். நிரந்தரமாகக் கேர் ஹோமுக்குப் போனால் சேர்ப்பார்கள். கணவனோ மனைவியோ அந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தால் அப்போதும் சேர்ப்பதில்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது 2014-ல் இயற்றப்பட்ட கேர் ஆக்ட். அதன் முதல் பிரிவே நலவாழ்வைப் பற்றியது. கண்ணியம், அன்றாட வாழ்க்கை தன் கையில் இருப்பது, குடும்ப உறவு, வேலை, படிப்பு, நாலு பேரோடு கலந்து பழகுவது எல்லாவற்றையும் நலவாழ்வின் பகுதியாக அந்தப் பிரிவு எண்ணுகிறது. மெக்டொனால்டு வழக்கு இதற்கு முந்தையது. இந்தச் சட்டம் இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் கவுன்சிலோடு பேசும்போது கையில் பிடித்துக்கொள்ள இது ஒரு நல்ல பிடி.

சிக்கல் எங்கே இருக்கிறது?

நோய்ப் பட்டியல் நீளமாக இருந்தால் அது சிக்கலான தேவை என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி மூன்றும் உள்ள ஒருவர் காலையில் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்குக் கடைக்குப் போய்வருவார். அது சிக்கலல்ல. ஒரு பிரச்சினைக்குச் செய்கிற உதவி இன்னொன்றைப் புரட்டிப்போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் ஹாரோவில் மகளோடு வாழும் 76 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்கின்சன் நோய், கூடவே டிமென்ஷியா என்கிற மறதிநோய். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மாத்திரை. அளவைக் கூட்டினால் கை கால் அசைவு நன்றாகும், ஆனால் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கலாம். குறைத்தால் அந்தத் தோற்றங்கள் மறையும், உடம்பு இறுகிவிடும். மலச்சிக்கல் வந்தால் மாத்திரை ஒழுங்காக வேலை செய்யாது. புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்று வந்தால் ஒரே நாளில் குழப்பம் பலமடங்காகும், வீட்டில் உள்ளவர்கள் டிமென்ஷியா முற்றிவிட்டது என்று கலங்குவார்கள்.

இவருடைய ஒரு காலைப் பொழுதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மாத்திரை ஏழு மணிக்கு. அது வேலை செய்யத் தொடங்க அரை மணியோ முக்கால் மணியோ ஆகும். கேரர், அதாவது வீட்டுக்கு வந்து உதவும் பராமரிப்புப் பணியாளர், ஏழு பத்துக்கு வந்துவிட்டால் அம்மாவால் கட்டிலை விட்டு அசைய முடியாது. அடியில் ஸ்லிங் துணியை விரித்து, ஹாய்ஸ்ட் என்கிற தூக்கும் கருவியில் மாட்டி, இரண்டு பேர் சேர்ந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். காற்றில் தொங்கும்போது அவர் பயந்து கத்துவார், கேரரின் கையைப் பிறாண்டுவார். பதிவேட்டில் 'ஆக்ரோஷம்' என்று ஏறிவிடும். அதே கேரர் எட்டு மணிக்கு வந்தால்? வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா தானே எழுந்து நிற்பார். ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். குளியலறைக்கு நடந்துபோய், தன் முகத்தைத் தானே கழுவிக்கொள்வார்.

அதே அம்மாதான், அதே நோய்தான். மாறியது கேரர் வரும் நேரம் மட்டும். முதல் ஏற்பாட்டில் இரண்டு பணியாளர், ஒரு கருவி, ஒரு கத்தல், பதிவேட்டில் ஒரு கெட்ட பெயர். இரண்டாவதில் ஒரே ஆள், செலவும் குறைவு. நல்ல பராமரிப்பு என்றாலே கூடுதல் செலவுதான் என்று யாராவது சொன்னால் இந்தக் காலைப் பொழுதை எடுத்துச் சொல்லலாம். எல்லா இடத்திலும் இப்படி மிச்சமாகாது, மெக்டொனால்டுக்கு வேண்டியிருந்த இரவுத் துணைக்குச் செலவு உண்டுதான். ஆனால் ஆளைத் தெரியாமல் போடுகிற திட்டத்தில் பணமும் வீணாகிறது, மனிதரும் நொந்துபோகிறார்.

சாப்பாட்டுக்கும் இதே கதை. விழுங்குவதில் சிரமம் வந்துவிட்டால் பேச்சு–விழுங்கல் சிகிச்சையாளர் வந்து பார்த்து, உணவு எவ்வளவு மசிய வேண்டும், தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா என்று எழுதிக்கொடுப்பார். பட்டியலில் பெரும்பாலும் மசித்த உருளைக்கிழங்கு இருக்கும். அம்மா அதைத் தொட மாட்டார். 'பசி குறைந்துவிட்டது' என்று எழுதிவிடுவார்கள். புட்டு உதிரும், புரையேறும், அது ஆபத்து. சோறு பருக்கை பருக்கையாகப் பிரியவும் கூடாது, களியாக ஒட்டவும் கூடாது. அப்படியானால் சொதியில் நன்றாக ஊறவைத்து மசித்த இடியப்பம் சரியாக வருமா? யாராவது சிகிச்சையாளரிடம் கிண்ணத்தைக் காட்டி இதைக் கேட்க வேண்டும். கேட்டால் அவர் முட்கரண்டியால் அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார். கேட்கிற ஆள் இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

அப்புறம் மொழி. டிமென்ஷியாவில் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி மட்டும் நிலைத்து நிற்பதும் பலருக்கு நடக்கிறது. பல வருஷம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர் திடீரென்று தமிழில் மட்டும் பதில் சொல்லத் தொடங்குவார். 'நோகுது' என்று அவர் முனகினால் அது வலி என்று புரிந்துகொள்ள அங்கே ஒருவர் வேண்டும்.

அதே கை, போதிய நேரம்

சிக்கலான தேவை உள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் வருவது வசதியான கட்டிடமோ புதுக் கருவியோ அல்ல. 'தினமும் புதுப்புது ஆள் வராமல் இருந்தால் போதும்' என்பார்கள். பேச முடியாத ஒருவர் புருவத்தைச் சுருக்கினால் அது வலியா, எரிச்சலா, டி.வி. சத்தமா என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் பழகிய கண் தேவை. ஆனால் இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் சமீப ஆண்டுகளில் சுமார் நாலில் ஒருவர் வருஷத்துக்குள் வேலையை விட்டுப் போகிறார். சம்பளம் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குக் கூலி தராத ஏஜென்சிகளைப் பற்றிப் பல காலமாகப் புகார் உண்டு. கேரரை இப்படி நடத்திக்கொண்டு அவர் கையால் கனிவான பராமரிப்பு வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

2022 பிப்ரவரியில் கேரர் வேலைக்கு வெளிநாட்டு விசாவைத் திறந்தபோது இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஏராளமானவர்கள் போனார்கள். 2025 ஜூலையில் புதிதாக வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை மட்டும் தீர்ந்தபாடில்லை.

நேரமும் இதோடு சேர்ந்தது. கால் மணி நேர 'விசிட்' என்பது அங்கே பழகிப்போன சொல். கோட்டைக் கழற்றி, கையைக் கழுவி, கையுறை போடவே சில நிமிடம் போய்விடும். மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் நெறிமுறைகள் வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரை மணிக்குக் குறைவான விசிட் விதிவிலக்காக மட்டுமே இருக்க வேண்டும். வருகிற கேரர் ஏற்கெனவே பழகியவராகவும், வேலை மாத்திரை கொடுப்பது போலக் குறிப்பிட்ட சின்ன வேலையாகவும் இருந்தால்தான் அது சரி. உங்கள் வீட்டுக்கு எழுதித்தரும் திட்டத்தில் கால் மணி விசிட் இருந்தால் இந்த நெறிமுறையைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேளுங்கள்.

யார் முடிவெடுப்பது?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் கிடைத்த நல்ல பதில்கள் அதிகாரிகளிடமிருந்து வந்தவை அல்ல. ஹாம்ப்ஷயரில் லீ கோர்ட் என்றொரு பெரிய வீடு. முன்னாள் விமானப்படை வீரர் லெனார்ட் செஷயர் 1948-ல் தொடங்கிய முதல் பராமரிப்பு இல்லம் அது. உடல் ஊனமுற்ற இளைஞர்கள் பலர் அங்கே வாழ்ந்தார்கள். எப்போது தூங்கப் போவது, யாரோடு பழகுவது என்பதையெல்லாம் இல்லத்து விதிகள் தீர்மானிப்பதை எதிர்த்து அவர்கள் போராடினார்கள். அங்கே வாழ்ந்த பால் ஹன்ட் 1972-ல் கார்டியன் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் இயக்கத்துக்கு ஒரு தொடக்கம். உடல் குறைபாடு ஒன்று, அந்த உடலோடு வாழ விடாமல் சமூகம் போடும் தடைகள் இன்னொன்று என்று அந்த இயக்கம் பிரித்துக் காட்டியது.

1970-களின் இறுதியில் லீ கோர்ட்வாசிகள் சிலர் 'ப்ராஜெக்ட் 81' என்று ஒரு குழு அமைத்தார்கள். 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு, அதை வைத்துத்தான் பெயர். எங்களை இங்கே வைத்திருக்கக் கவுன்சில் செலவழிக்கும் பணத்தை எங்களுக்கே கொடுங்கள், நாங்கள் ஊருக்குள் வீடு பார்த்து, எங்களுக்கு வேண்டிய உதவியாளரை நாங்களே வேலைக்கு வைத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் கோரிக்கை. காலையில் எழுவதிலிருந்து இரவு திரும்பிப் படுக்க உதவுவதுவரை எதற்கு எவ்வளவு நேரம், என்ன செலவு என்று தங்கள் தேவையைத் தாங்களே கணக்குப் போட்டு எழுதினார்கள். கவுன்சில் நேரடியாகக் கையில் பணம் தர அன்றைய சட்டம் இடம் தரவில்லை. அதனால் பணம் இல்லத்தின் வழியாக அவர்களுக்கு வந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்களும் அப்படித் தனி வீட்டுக்குக் குடிபோனார்கள். இவர்களால் தனியே வாழ முடியாது என்ற தீர்ப்பை அவர்களே வாழ்ந்து பொய்யாக்கினார்கள்.

பாராளுமன்றம் இதைச் சட்டமாக்க 1996 வரை ஆனது. நேரடிப் பணம் 1997-ல் நடைமுறைக்கு வந்தபோது 65 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டுமே புதிதாகக் கேட்க முடிந்தது. முதியவர்களுக்கு 2000-ல்தான் திறந்துவிட்டார்கள். இப்போது கேர் ஆக்டின் கீழ், கவுன்சில் உதவிக்குத் தகுதி பெற்ற எல்லோருக்கும் இவ்வளவு தொகை என்று ஒரு தனிநபர் பட்ஜெட் குறிக்கிறார்கள். அதைக் கவுன்சிலே ஏற்பாடு செய்யும் சேவையாகவும் வாங்கலாம், பணமாகவும் கேட்கலாம். பணமாக வாங்கினால் நீங்கள்தான் முதலாளி: சம்பளக் கணக்கு, விடுமுறைச் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் உங்கள் தலையில். அதற்கு உதவ அமைப்புகள் உண்டு. அறிவாற்றல் குறைந்தவருக்காகக் குடும்பத்தில் ஒருவர் இதைப் பொறுப்பேற்று நடத்தலாம். ஆனால் ஒரே வீட்டில் வாழும் கணவனையோ மனைவியையோ நெருங்கிய உறவினரையோ சம்பளத்துக்கு வைக்கச் சாதாரணமாக அனுமதி இல்லை.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. 80 வயதில் முதலாளியாக யாருக்கு ஆசை? ஆனால் லீ கோர்ட்காரர்கள் வென்ற உரிமையின் சாரம் பணத்தில் இல்லை. யார் என்னைத் தொடுவது, எப்போது, எப்படி என்பதைச் சொல்லும் உரிமை அது. ஏஜென்சி வழியாக வரும் கேரரிடமும் அது வேண்டும்.

டிமென்ஷியா உள்ளவர் எப்படி முடிவெடுப்பார்? 2005-ன் மென்டல் கபாசிட்டி ஆக்ட் என்கிற முடிவெடுக்கும் திறன் பற்றிய சட்டம் இதற்கு அருமையான பதில் வைத்திருக்கிறது. முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டை விற்பதைப் பற்றி முடிவெடுக்க முடியாதவரால் இன்று எந்தச் சேலை என்று முடிவெடுக்க முடியலாம். ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில், அவர் தெளிவாக இருக்கும் வேளையில் கேட்டுப் பார்த்த பிறகுதான் 'முடியாது' என்று சொல்லலாம். பிறருக்கு முட்டாள்தனமாகத் தெரிகிற முடிவு என்பதற்காக ஒருவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒருவரைப் பத்திரமாக வைக்கிறோம் என்று அவர் வாழ்க்கையைத் துயரமாக்கினால் அதில் என்ன பயன் என்ற பொருளில் நீதிபதி மன்பி 2007-ல் கேட்டது அங்கே இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நம் குடும்பங்களில் இது இன்னும் ஏறவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று அப்பாவை விட்டுவிட்டு எல்லோரிடமும் கேட்போம்.

இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே

தேவை சிக்கலாக இருந்தால் நாலைந்து பேர் வீட்டுக்கு வருவார்கள்: நர்ஸ், பிசியோ, சோஷல் வொர்க்கர், கேரர். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே ஆள் தொகுத்துப் பார்க்க வேண்டும், அவர் பெயரும் போன் நம்பரும் உங்களிடம் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வேலை ஒரு மகள் தலையிலோ மருமகள் தலையிலோ விழும். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 50 லட்சம் பேர் சம்பளமில்லாமல் உறவினரையோ நண்பரையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தேவையைத் தனியாக மதிப்பிடச் சொல்லி அவர்களும் கவுன்சிலைக் கேட்கலாம், அது சட்டப்படி உரிமை.

செலவு யாருடையது என்ற சண்டைக்கு பமீலா காக்லன் வழக்கு ஒரு திருப்பம். சாலை விபத்தில் கடுமையாகக் காயமடைந்த அவரை 1993-ல் எக்ஸிடரில் உள்ள மார்டன் ஹவுஸுக்கு மாற்றும்போது, ஆயுள் முழுக்க இதுதான் உங்கள் வீடு என்று என்.எச்.எஸ். நிர்வாகத்தினர் வாக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அதை மூட முடிவு செய்தார்கள். 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கொடுத்த வாக்கு வாக்குதான் என்றது. இவ்வளவு தீவிரமான நர்சிங் தேவையைக் கவுன்சில் தலையில் கட்ட முடியாது என்றும் சொன்னது. தேவை முதன்மையாக உடல்நலம் சார்ந்தது என்று முடிவானால் முழுச் செலவையும் என்.எச்.எஸ். ஏற்கிறது, சேமிப்பைப் பார்ப்பதில்லை. இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாமல் வீடு கைவிட்டுப் போகிறது.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை

முதல் படி, கவுன்சிலுக்குப் போன் செய்து தேவை மதிப்பீடு கேட்பது. சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் அதைச் செய்து தர வேண்டியது அவர்கள் கடமை. உணவு, குளியல், கழிப்பறை, உடை, வீட்டில் பத்திரமாக நடமாடுவது, உறவுகளைப் பேணுவது என்று பத்து விஷயங்களைப் பார்ப்பார்கள். இரண்டிலாவது முடியாமல் போய், அது உடலாலோ மனத்தாலோ வந்த குறையினால், நலவாழ்வைக் கணிசமாகப் பாதித்தால் தகுதி உண்டு. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: செய்ய முடிகிறது, ஆனால் பெரும் வலியோடு, அல்லது மற்றவர்களைவிட மிக அதிக நேரம் எடுத்து, அல்லது விழும் ஆபத்தோடு என்றால் அதுவும் சட்டப்படி 'முடியாது' கணக்கில்தான் வரும்.

வீட்டுக்கு ஆள் வரும் அன்று நம்மவர்கள் வீட்டைப் பெருக்கி, அம்மாவுக்கு நல்ல சேலை கட்டி, டீயும் பலகாரமும் வைத்து, 'ஏதோ சமாளிக்கிறோம்' என்பார்கள். மலம், சிறுநீர் பற்றி வெளியாளிடம் பேசக் கூச்சம். தயவுசெய்து பேசுங்கள். நல்ல நாளை விட்டுவிட்டு மோசமான நாளைச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு, எத்தனை மணிக்கு என்ன உதவி, எவ்வளவு நேரம், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பார்க்கின்சன் உள்ளவரை மாத்திரை வேலை செய்யும் பதினொரு மணிக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போக விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பேரப்பிள்ளையை அந்த வேலைக்கு உட்காரவைக்காதீர்கள். பேசிப் புரியவைக்கச் சிரமப்படுகிறவருக்குத் துணையாக வேறு யாரும் இல்லையென்றால், அவர் சார்பில் பேச ஒருவரைக் கவுன்சில் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

அவரைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிவையுங்கள்: எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்காது, என்ன செய்தால் பயப்படுவார், மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தச் சாமி படம் கண்ணில் பட வேண்டும். டிமென்ஷியா உள்ளவர்களுக்கென்றே அல்சைமர்ஸ் சொசைட்டி இப்படி ஒரு படிவம் வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைக் கூடவே அனுப்பிவிடுங்கள்.

முடிவு எழுத்தில் வர வேண்டும். திருப்தி இல்லையென்றால் முதலில் கவுன்சிலிலேயே புகார் கொடுங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் உள்ளாட்சி–சமூகப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மன் என்கிற குறைகேட்பு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பிரச்சினை தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக 12 மாதத்துக்குள் போய்விட வேண்டும்.